கதவுப் பக்கம்

கதவைச் சாத்தினால் நிற்கவில்லை. சாத்திவிட்டுக் கையை எடுத்ததும், வெளியிலிருந்து யாரோ ஒற்றை விரலால் தள்ளுவதுபோல மெதுவாக உள்பக்கம் திறந்துகொள்கிறது. இரண்டு விரற்கடை, நான்கு விரற்கடை, பிறகு நின்றுவிடுகிறது. மறுபடி சாத்தினேன். மறுபடி திறந்தது. நிலை சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். பெரம்பூரில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. ஸ்டோர் ரூம் கதவு ஆறு வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் இதற்குள் நின்றுகொண்டு கதவைச் சாத்தியதே இல்லை. அரிசி எடுக்க வருகிறவள் எதற்காகக் கதவைச் சாத்தப்போகிறாள். இப்போது இங்கே அரிசி இல்லை. அரிசி மூட்டை, பழைய குக்கர், என் கணவன் நவநீதனின் டயர் இல்லாத சைக்கிள் எல்லாம் பால்கனிக்குப் போய்விட்டன. கீழ்த்தட்டைத் துடைத்துச் செய்தித்தாள் விரித்திருக்கிறேன், அந்தப் பெண் துணி வைத்துக்கொள்ள. சுவரில் மாட்டும் சின்ன ஃபேன். கொசுவலை. புதுப் பாய், புதுத் தலையணை. எத்தனை தரம் துடைத்தும் மிளகாய் நெடி போகவில்லை. மணி மூன்றே கால். துருவன் எங்கள் அறையில் தூங்குகிறான். சிவரஞ்சனி நாலரைக்குள் வந்துவிடுவாள். ஊத்தங்கரைப் பெண், இருபத்திரண்டு வயது, இங்கேயே தங்கி என் பத்துமாதப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப்போகிறவள். திங்கட்கிழமை எனக்கு லீவு முடிகிறது. அவளுக்கு முன்னால் நான் ஒருதரம் இந்த அறையில் படுத்துப் பார்க்கலாம் என்று வந்தேன். படுப்பதற்கு முன்னால் கதவைச் சாத்த வேண்டும்போலத் தோன்றியது, அவ்வளவுதான்.

ஏஜென்சி நடத்தும் பியூலா அம்மா போன வாரம் ஃபோனில் ஒவ்வொன்றாகக் கேட்டார். "தனி ரூமா மேடம்?" தனி ரூம்தான். "காத்து வருமா?" ஃபேன் போட்டிருக்கேன், கொசுவலை இருக்கு, நல்ல ரூம்தான். "ஜன்னல்?" இருக்கு என்றேன். பரணுக்குக் கீழே ஒரு வென்டிலேட்டர் இருக்கிறது, குழாய்கள் இறங்கும் இடுக்கைப் பார்த்தபடி. அதை ஜன்னல் என்று சொல்ல எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. "உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா? கோச்சுக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்." போட்டுடறேன் என்றேன். "வீட்ல ஆம்பளைங்க யார் யாரு?" என் வீட்டுக்காரர், அப்பறம் எங்கப்பா. "அப்பா இருக்காரா? அப்ப சரி. பெரியவங்க இருக்கற வீடுன்னா எங்களுக்கும் ஒரு நிம்மதிதான்." ஆமாம் என்றேன். அந்த ஆமாமுக்கு முன்னால் நான் எச்சில் விழுங்கினேன். எதற்காக விழுங்கினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்துத் தொண்டையில் ஏதோ முள் இருப்பதாகத் தெரியுமே, அதுபோல அன்றிலிருந்து அது இருக்கிறது. விழுங்கினால் தெரிகிறது, விழுங்காவிட்டால் இல்லை. ஒரு வாரமாக விழுங்காமல் பார்த்துக்கொண்டேன். பாய் வாங்கினேன், ஃபேன் வாங்கினேன், கார்பெண்டர் தேவராஜுக்கு ஃபோன் செய்து, ஸ்டோர் ரூமுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் போடணும்ணே, நல்லதா, கெட்டியா, என்று இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். அது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

இன்று காலை தேவராஜ் வந்தபோது நான் துருவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். டிரில் சத்தத்துக்குப் பிள்ளை பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் தேவராஜ் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் இருந்தது. நான்கு திருகாணி, பித்தளைப் பளபளப்பு. பக்கத்தில் அப்பா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேலையிலிருந்த காலத்தில் போஸ்ட் ஆபீஸில் பார்சல் எடை பார்க்கும்போது நிற்பாரே அப்படி. உள்ளேன்னு சொன்னேனேண்ணே என்றேன். "நானும் உள்ளதாம்மா அளவு வெச்சேன். பெரியவருதான் வெளில போடுன்னாரு. அதுவும் நாயந்தானே, ஸ்டோர் ரூமுக்கு உள்ள இன்னாத்துக்குத் தாப்பா? அரிசி மூட்டை எயுந்து வந்து பூட்டிக்கப் போவுதா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அப்பா சொன்னார், "இல்ல இந்து, புதுசா வர்ற பொண்ணு. உள்ள தாழ் போட்டுக்கிட்டுத் தூங்கிட்டான்னு வெச்சுக்கோ. புள்ள உள்ள கெடந்து அழுதா யாரு கதவ ஒடைக்கறது? வெளியில இருக்கறதுதான் பாதுகாப்பு." சரியான வார்த்தைகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டேன், எதிலும் விரிசல் இல்லை. புதுப் பெண். ஆமாம். தூங்கிவிடலாம். ஆமாம். பிள்ளை அழலாம். ஆமாம். எந்த அப்பாவும் சொல்லக்கூடியது. இதை வேறொருவர் சொல்லியிருந்தால், பக்கத்து ஃப்ளாட் மாமா சொல்லியிருந்தால், அட நமக்குத் தோணலையே என்று நினைத்திருப்பேன். தேவராஜ் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். திரும்பக் கூப்பிட்டால் என்ன காரணம் சொல்வது. அதைத்தான் காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒரு தாழ்ப்பாளை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் மாற்றுவதற்கு ஒரு காரணம்.

பாயைப் பார்த்தேன். அலமாரித் தட்டுகள் போக, அதை விரிப்பதற்குக் கதவை ஒட்டித்தான் இடம். கதவை மூடினால்தான் முழுப் பாயும் விரியும். விரித்து உட்கார்ந்து, கதவு திறக்காமலிருக்க முதுகை அதில் சாய்த்துக்கொண்டேன். அப்படிச் சாய்ந்ததும் நின்றது. கதவு அசையவில்லை. முதுகில் பலகையின் சில்லிப்பு. கீழே கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். இந்த வெளிச்சம் எனக்குத் தெரிந்த வெளிச்சம். ஹாலில் அப்பாவின் பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது, பேப்பரைத் திருப்பும் சத்தம், தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலும் தெரிந்ததுதான். முப்பத்தைந்து வருஷமாகக் கேட்பது. சின்ன வயதில் நாங்கள் இருந்த விருத்தாசலம் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை இருந்தது, அதில் குமாரி படுத்திருப்பாள். ராஜகுமாரி என்று முழுப்பெயர், அம்மா அதைப் பாதியாக்கிவிட்டாள். அவளுக்கு அப்போது இருபது இருக்கலாம். எங்கள் வீட்டிலேயே தங்கிச் சமைத்தாள், தண்ணீர் இறைத்தாள், எனக்கு ரெட்டைப்பின்னல் போட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். அந்த அறைக் கதவிலும் உள்ளே தாழ்ப்பாள் இல்லை. நான் நாலாவது படித்தேன். "பாப்பா, இன்னிக்கு என்கூடப் படுத்துக்கறியா? கதை சொல்றேன்." எனக்கு அது பெரிய சலுகை. தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். நல்ல கதை சொல்வாள், பாதியில் நிறுத்திவிட்டு வெளியே காது கொடுத்துக் கேட்பாள். என் காதில் ஒன்றும் விழாது. என்னத்தக் குமாரி கேக்கறே என்றால், ஒண்ணுமில்ல பாப்பா, பூன. "நீ கதவுப் பக்கம் படு பாப்பா, அங்கதான் காத்து வரும்." காற்று வந்தது உண்மை. கதவுக்கு அடியில் வரும் அந்தக் காற்று கன்னத்தில் படும். நான் கதவோடு ஒட்டிக்கொண்டு படுப்பேன், கதவைத் திறந்தால் முதலில் என் மேல்தான் இடிக்கும்.

நான் எதையும் பார்க்கவில்லை. இதை முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் கண் விழித்தபோது கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு மூன்று துண்டாக இருந்தது. நடுவே இரண்டு இருட்டு. அம்மா நிற்கிறாள் என்று நினைத்தேன். நான் தூங்கிவிட்டேனா என்று பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கதவு என் தோளில் லேசாக முட்டியது, ஒரு தரம், அவ்வளவுதான். குமாரியின் கை பின்னாலிருந்து என் வயிற்றைச் சுற்றி இருந்தது. அது நனைந்திருந்தது, வேர்வை. அந்த வேர்வைக்கை எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிவிட்டேன். திரும்பவும் வந்து பிடித்தது. காலையில் அம்மாவிடம், நேத்து என்னைப் பார்க்க வந்தியா என்று கேட்டேன். அம்மா தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். "ஆமாண்டி," என்றாள். "நீ தெனமும் குமாரிகூடவே படுத்துக்கோ. சமத்து." அதற்கப்புறம் குமாரி கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அம்மாவே ஒன்பது மணிக்கு என் தலையணையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பிச்சாவரம் கூட்டிப்போனார்கள், ஒரு ராத்திரி தங்கல். கிளம்பும்போது குமாரி என் பையில் முறுக்கு வைத்தாள். "போய்த்தான் ஆவணுமா பாப்பா?" எல்லாரும் போறாங்க குமாரி. அவளுக்காக ஒரு பிளாஸ்டிக் கிளிப் வாங்கி வந்தேன், பச்சைக் கலர், வண்ணத்துப்பூச்சி போட்டது. வந்தால் குமாரி இல்லை. அம்மா மாடிப்படி அறையைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சாம். அவங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்." அப்பா வாசலில் நின்று, பிச்சாவரம் எப்படி இருந்துச்சு, படகுல ஏறினியா என்று கேட்டார். கிளிப்பை நானே போட்டுக்கொண்டேன். எத்தனை வருஷம் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் போகும்வரை.

நான் எதையும் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் இரண்டு இருட்டு, அதுகூட அம்மாதான் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது, இனிமேல் யாரைக் கேட்பது. எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பதினோரு நாள் பத்தியச் சோறு ஊட்டியவர் இந்த அப்பா. பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பில்லாமல் நடந்தவர். துருவன் அழுதால் மடியில் போட்டுத் தட்டிக் கொடுக்கிறார், அந்தத் தட்டலில் அவன் என்னிடம் தூங்குவதைவிடச் சீக்கிரம் தூங்குகிறான். அறுபத்தெட்டு வயது, பிரஷர் மாத்திரை, கோயில், குறுக்கெழுத்து. இந்தக் கையை நான் சந்தேகப்பட்டால் பிறகு எந்தக் கையில் பிள்ளையைக் கொடுப்பேன். நான்தான் கெட்டவளோ. பிரசவமானால் சிலருக்கு மனசு இப்படிக் கோணலாகப் போகும் என்று டாக்டரம்மா சொன்னார், தூக்கமில்லாவிட்டால் வரும். இருக்கலாம். குமாரிக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமாகாதா என்ன. ஒரே ராத்திரியில். நவநீதன் நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான், "துருவனப் பழக்கிட்டா அவகூடவே படுத்துக்குவான் இந்து. உனக்கும் தூக்கம் கெடாது, அந்தப் பொண்ணுக்கும் ஒரு தொணை." நல்ல யோசனை என்றேன், அவன் முடிக்கும் முன்பே சொன்னேன். அவனுக்குக் குமாரியைத் தெரியாது, அவன் தூக்கத்துக்காகச் சொன்னான். நான் எதற்காகச் சொன்னேன். அதற்கு முன்பே நான் பெரிய பாயாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தேனே. கடைக்காரப் பெண் கேட்டாள், ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா? ஒருத்தர், ஒரு குழந்தை என்றேன். இப்போது அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கதவுப் பக்கம். துருவனைப் படுக்க வைத்தால் இங்கேதான் படுக்க வைக்க முடியும், அந்தப் பக்கம் அலமாரி இடிக்கும். பத்து மாதம். எட்டரைக் கிலோ. கதவு முட்டினால் அழுவான். அழுதால் எல்லாருக்கும் கேட்கும். உள்ளங்கை ஈரமாகிவிட்டது. பாயில் துடைத்தேன். திரும்பவும் ஈரம். அம்மாவுக்கும் இப்படித்தான் தோன்றியிருக்குமா, இவ்வளவு சுலபமாக, நல்ல யோசனைபோல. தலையணையை என் கையில் கொடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமில்லை. பேப்பர் சத்தமும் இல்லை. அப்பா வீட்டுக்குள் செருப்புப் போடமாட்டார், நடப்பது கேட்காது. குனிந்து பார்த்தேன். வெளிச்சக் கோட்டின் நடுவே இரண்டு இருட்டு. இடது பக்கத்து இருட்டு சற்று முன்னால். முதுகில் கதவு அழுத்தியது. இது தானாகவே திறக்கும் கதவு, காலையிலிருந்து, ஆறு வருஷமாக, தானாகவே திறக்கும் கதவு. காலை எதிர் அலமாரியில் ஊன்றி முதுகால் தள்ளினேன். எனக்கு ஒன்பது வயது. எனக்கு முப்பத்தைந்து வயது. "இந்து," என்றார் அப்பா. "உள்ளயா இருக்கே?" ம் என்றேன். "இருட்டுல என்னா பண்றே? காப்பி போடட்டுமா?" அன்பான குரல். நிஜமாகவே அன்பான குரல், அதில் எந்தப் பொய்யும் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வேணாம்பா என்றேன். இருட்டு இரண்டும் இன்னும் சிறிது நேரம் நின்றன. பிறகு வெளிச்சம் ஒரே கோடாக ஆயிற்று.

ஃபோன் அடித்தது. பியூலா அம்மா. "மேடம், பொண்ணு ஆட்டோல ஏறிடுச்சு, அரை மணி நேரத்துல வந்துடும். ஒரு நிமிஷம், லைன்லயே இருக்கா, பேசுங்க." ஆட்டோ இரைச்சல், ஹாரன், அதற்கு நடுவே ஒரு மெல்லிய குரல். "அக்கா, நான் சிவரஞ்சனி. தம்பி முழிச்சிருக்கானா?" தூங்கறாம்மா. "என்னாலாம் சாப்புடுவான்?" ராகிக் கூழ், மசிச்ச சாதம். "நான் நல்லாக் குடுப்பேங்க்கா, பாட்டுப் பாடினேன்னா தானா வாயத் தொறக்கும். போன வீட்டுப் பாப்பா நான் ஊட்னாத்தான் சாப்புடும்." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள், டிரைவருக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. "அக்கா, ஒண்ணு கேக்கவா? தம்பி என்கூடயே படுத்துக்குவானாக்கா? எனக்குத் தனியாப் படுத்துப் பழக்கமில்ல. போன வீட்லயும் பாப்பா என்கூடத்தான் படுத்துக்கும். நான் பாத்துக்குவேங்க்கா, உருட்டி விட்டுட மாட்டேன்." தொண்டையில் முள் இருந்தது. இந்த முறை விழுங்கினேன். ஏன் போன வீட்ட விட்டு நின்னே என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு கல்யாணம் சொல்வாள். தம்பி என்கூடப் படுத்துப்பாம்மா என்றேன், உனக்குத் தனி ரூம் இருக்கு, உள்ள தாழ்ப்பாள் இருக்கு. "சரிங்க்கா," என்றாள். அவள் மூச்சு விட்டது ஹாரனுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. இந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறைகள் இரண்டு. ஒன்றில் நானும் நவநீதனும் துருவனும். இன்னொன்று, இந்த ஸ்டோர் ரூமுக்கு நேர் எதிரே, அப்பா படுக்கும் அறை.

எழுந்து ஹாலுக்குப் போனேன். அப்பா பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு குறுக்கெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் கையை வைத்துக்கொண்டேன். "அப்பா, குமாரி ஏம்பா போனா?" "எந்தக் குமாரி?" "விருத்தாசலத்துல, நம்ம வீட்ல இருந்தாளே." அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரு, மாடிப்படிக்குக் கீழ படுத்திருந்தாளே, அவளா?" மூன்று வருஷம் அவள் சமைத்துச் சாப்பிட்டோம். அவள்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள், அவர் ஆபீஸுக்கு டிபன் கொண்டுபோனாள். "அவளேதான்," என்றேன். "தெரியலயேம்மா. அதெல்லாம் உங்கம்மாவுக்குத்தான் தெரியும்." பேனாவை எடுத்து ஒரு கட்டத்தில் ஓர் எழுத்தை எழுதினார். எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

அவர் அறைக்குள் போய்த் தலையணையை எடுத்தேன். போர்வை, தைலம், மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு. ஸ்டோர் ரூமில் புதுப் பாயின்மேல் வைத்தேன். இரண்டாவது தரம் வரும்போது அப்பா நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். "என்னா பண்றே?" உங்களுக்கு இந்த ரூம்பா, அந்தப் பொண்ணுக்கு அது என்றேன். "எனக்கா? இதுல காத்து வராதே." "ஃபேன் போட்டிருக்கேன்பா, கொசுவலை இருக்கு, நல்ல ரூம்தான்." பியூலா அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில் வந்தன. "மாப்புள்ள என்னா நெனப்பாரு? வேலக்காரப் பொண்ணுக்குக் கட்டிலு, மாமனாருக்குப் பாயா?" "அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்." என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன், பார்க்க முடிந்தது, அவருடைய கண்தான் என் தோளுக்குப் பின்னால் எங்கோ போயிற்று. இனி கேட்பார் என்று காத்திருந்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை. ஏண்டி, நான் என்ன பண்ணினேன் என்று ஒரு சத்தம். அவர் கத்தினால் நான் காலில் விழுந்திருப்பேன், எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்திருப்பேன், அதற்காக மனசு அடித்துக்கொண்டது, கேளுங்கப்பா, கேட்டுடுங்கப்பா. அவர் கேட்கவில்லை. குனிந்து நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய்ப் பாயில் மெல்ல உட்கார்ந்தார்.

கீழே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம். எங்கள் அறையில் துருவன் சிணுங்கினான். படிக்கட்டில் பை எதிலோ இடித்துக்கொண்டு ஏறி வந்தது. ஸ்டோர் ரூம் கதவு மூடிற்று, திறந்தது. மறுபடி மூடிற்று, நான்கு விரற்கடை திறந்தது. உள்ளேயிருந்து அப்பாவின் குரல், "இந்து, இந்தக் கதவு நிக்க மாட்டேங்குதே." காலிங் பெல் அடித்தது.

"வெளியில தாழ்ப்பாள் போட்டா நிக்கும்பா," என்றேன்.